குயிலின் குரலுக்கு வயதாகிவிட்டது

காலை ஒன்பது மணிக்கு வந்த அந்தப் பெண் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, சுற்றி வளைக்காமல் குறிப்பம்மாவிடம் விஷயத்துக்கு வந்தாள்.

"எங்க அம்மா செத்துட்டாங்களா, உயிரோட இருக்காங்களா? அதை நீங்கதான் கண்டுபிடிச்சுச் சொல்லணும் அத்தை."

குறிப்பம்மாவின் கணவர் டூப்பு டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நிறுத்திவிட்டார். வந்தவள் ஊருக்கெல்லாம் பல் டாக்டர். அவருக்கு மட்டும் அவள் எப்போதும் குயிலின் மகள்தான்.

குயில் கறுப்பு வெள்ளைக் காலத்து நட்சத்திரம். நடித்தது பதினோரு படம். குரலுக்காகவே அந்தப் பட்டப்பெயரை ஸ்டூடியோ முதலாளி வைத்தார். போஸ்டரில் முகத்தை விட அந்தப் பெயரைத்தான் பெரிதாகப் போடுவார்கள். நாற்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், பன்னிரண்டாவது படத்துக்காக ஆற்றில் படகுக் காட்சி எடுத்தபோது படகு கவிழ்ந்தது. கூட நடித்த கணவர் பிழைத்தார். குயிலின் உடல் கிடைக்கவே இல்லை.

டூப்பு அதற்குப் பிறகு ஸ்டூடியோவில் சேர்ந்தவர். கதாநாயகர்களுக்குப் பதிலாக முப்பது வருஷம் மாடியிலிருந்தும் குதிரையிலிருந்தும் விழுந்தவர். குயிலின் கணவருக்காக மட்டும் ஒன்பது முறை விழுந்திருக்கிறார். டூப்பின் மனைவியை ஸ்டூடியோவில் குறிப்பம்மா என்பார்கள். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவில் வளையல் கை மாறியதா, கூஜாவில் தண்ணீர் குறைந்ததா என்று பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வதுதான் அவள் வேலை. வேலை போனாலும் கண் போகவில்லை. காணாமல் போன சாவியிலிருந்து காணாமல் போன மாப்பிள்ளை வரை, தெரிந்தவர்கள் அவளிடம்தான் வந்து நிற்பார்கள்.

"முதல்லேருந்து சொல்லும்மா," என்றாள் குறிப்பம்மா, நோட்டைத் திறந்தபடி.

"ரெண்டு மாசமா தினம் மதியம் மூணு மணிக்கு அப்பாவுக்கு போன் வருது. வீட்டு போன்ல. ரெண்டரைக்கே சட்டை மாத்தி, தலை வாரி, போன் பக்கத்துல உக்காந்துடுறார். யாருப்பான்னா பழைய சிநேகிதம்ங்கிறார். நேத்து கிளினிக் லீவு. மாடியில இன்னொரு போன் இருக்கு. எடுத்துக் கேட்டேன். தப்புதான். ஆனா பேசினது எங்க அம்மா."

"உனக்கு அப்ப ரெண்டு வயசு. அம்மா குரல் எப்படித் தெரியும்?"

"அதைக் கேட்டுத்தானே வளர்ந்தேன். எனக்குக் காய்ச்சல் வந்தா அப்பா அம்மாவோட வசன ரெக்கார்டைப் போட்டு விடுவார். மருந்தே வேண்டாம், தூங்கிடுவேன்."

டூப்புக்குப் பொறி தட்டியது. "டிவியில குயில் மாதிரியே பேசுற மிமிக்ரிப் பொண்ணு ஒண்ணு இருக்கு. அவ வேலைதான் இது. வயசானவரைப் பயமுறுத்திப் பாக்குறா."

"இல்ல மாமா. அந்தப் பொண்ணு பேசுறது படத்துல இருக்கிற குரல். நான் கேட்டதுக்கு வயசாயிருந்துச்சு. அதே இழுப்பு, அதே நிறுத்தம். ஆனா நடுக்கம், கரகரப்பு." அவள் குரல் இறங்கியது. "செத்தவங்க குரலுக்கு வயசாகுமா அத்தை?"

வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. டூப்பு துண்டை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார்.

"என்ன பேசினாங்க? வார்த்தை மாறாம சொல்லு," என்றாள் குறிப்பம்மா.

"'இன்னும் பன்னெண்டு நாள்தாங்க. அப்புறம் என்னால பேச முடியாது. உங்க பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க. இத்தனை வருஷம் அவளை ஏமாத்தினது போதும்.' அதுக்கு அப்பா அழுதார். நான் போனை வச்சுட்டேன்."

"பேச மாட்டேன்னு சொன்னாங்களா, பேச முடியாதுன்னா?"

"முடியாதுன்னுதான்."

"நம்ம பொண்ணா, உங்க பொண்ணா?"

டாக்டர் கண்ணை மூடி யோசித்தாள். "உங்க பொண்ணு."

"இதுல என்ன இருக்கு?" என்றார் டூப்பு. "பையன் பரீட்சையில கோட்டை விட்டப்பெல்லாம் நீயும்தான் 'உங்க புள்ள'ன்னே."

"அதனாலதான் பக்கத்துல ஒரு கேள்விக்குறி போட்டிருக்கேன்," என்றாள் குறிப்பம்மா.

மறுநாள் பதினோரு மணிக்கு டாக்டர் வீட்டுக்குப் போனார்கள். டூப்பு பூனை மாதிரி கேட்டைத் திறந்தும், கூடத்திலிருந்து குரல் வந்தது. "டூப்பு, உன் முழங்கால் சத்தம் வாசல்லேருந்தே கேக்குதுடா."

குயிலின் கணவரான பெரியவர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். எண்பது வயதிலும் முதுகு வளையவில்லை. திரையில் குயில் எதற்கோ கெஞ்சிக்கொண்டிருந்தாள். சத்தம் துளிக்கூட இல்லை.

"வால்யூம் கூட்டவாய்யா?" என்று ரிமோட்டை எடுத்தார் டூப்பு.

"வேண்டாம், இருக்கட்டும்." பெரியவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எப்பவும் இப்படித்தான்," என்று டாக்டர் மாடிப்படியில் ஏறும்போது முணுமுணுத்தாள். "எனக்கு மட்டும் சத்தமா போட்டு விடுவார். அவர் பாக்குறப்ப ஊமைப்படம்தான்."

குயிலின் அறையை அப்படியே வைத்திருந்தார்கள். சீப்பில் இரண்டு முடி இன்னும் இருந்தது. காற்றுக்கு அலமாரிக் கதவு தானாக ஒரு விரல்கடை திறந்து மூடிக்கொண்டது. இரண்டு மாடியிலிருந்து யோசிக்காமல் குதித்த மனுஷன் நைசாக வாசல் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டார்.

குறிப்பம்மா அலமாரியிலிருந்து வசனத் தாள்களை எடுத்தாள். ஒவ்வொரு தமிழ் வரிக்குக் கீழேயும் பென்சிலால் வேறு ஏதோ எழுத்தில் ஒரு வரி இருந்தது.

"சின்ன வயசுல இதை எனக்கு எழுதி வச்ச ரகசியச் செய்தின்னு நினைச்சுப்பேன்," என்றாள் டாக்டர். "அப்பாவைக் கேட்டா, சும்மா விளையாட்டுக்குக் கிறுக்கினதுன்னார்."

குறிப்பம்மா வெகுநேரம் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். "மேல எங்கெல்லாம் 'தண்ணி'ன்னு இருக்கோ, கீழ அங்கெல்லாம் ஒரே மாதிரி நாலு எழுத்து. கிறுக்கல்னா அப்படி வராது." குறித்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் குயிலின் படம் ஒன்றைப் போட்டார்கள். டூப்புக்கு அது இருபதாவது தடவை. ஆனாலும் வாய் மூடவில்லை.

"பாரு, இந்த இடத்தைப் பாரு. கடுதாசியைப் படிச்சு முடிச்சதும் ஒண்ணும் சொல்ல மாட்டா. மூக்குத்தி மட்டும் ஒரு தடவை மின்னும். தியேட்டரே உச்சுக் கொட்டும். இப்ப பேசப் போறா... ஆங், திரும்பிட்டா பாத்தியா? ரெண்டு வார்த்தைக்கு மேல பேசினா முகத்தைத் திருப்பிப்பா. அதான் குயில் ஸ்டைல். அந்தக் காலத்துல காலேஜ் பொண்ணுங்க எல்லாம் சுவத்தைப் பாத்துத்தான் பேசுச்சுங்க."

"ஒருக்கா நிறுத்துங்க," என்றாள் குறிப்பம்மா. "திருப்பிப் போடுங்க."

திருப்பிப் போட்டார். மறுபடி. மறுபடி.

"பதினோரு படத்துலயுமா திரும்பிப்பாங்க?"

"பதினொண்ணுலயும். தூண் மறைவுல நின்னு பேசுறது, முக்காடு போட்டுப் பேசுறது, முதுகைக் காட்டிப் பேசுறது. என்ன ஒரு கலை."

குறிப்பம்மா நோட்டை மூடிவிட்டுக் கணவரின் முழங்காலைப் பார்த்தாள். "நீங்க மாடியிலேருந்து விழுந்தப்ப கேமராவை எங்க வைப்பாங்க?"

"முதுகுப் பக்கம்தான். முகம் தெரிஞ்சா ஹீரோ இல்லைன்னு..." டூப்பு பாதியில் நிறுத்தினார். தானே படத்தை இன்னொரு தடவை திருப்பிப் போட்டார்.

மூன்றாம் நாள் மதியம் இரண்டே முக்காலுக்கு எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். பெரியவர் வெள்ளைச் சட்டை மாற்றியிருந்தார். போன் முக்காலியின் மேல் இருந்தது.

"ஐயா, உங்க பொண்ணு என்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருக்கா," என்றாள் குறிப்பம்மா. "எனக்குப் பதில் தெரியும்னு நினைக்கிறேன். ஆனா அதை நீங்க சொன்னாத்தான் நல்லாயிருக்கும்."

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். "நாப்பத்தெட்டு வருஷமா சொல்ல வரல. நீயே சொல்லும்மா."

குறிப்பம்மா டாக்டரின் பக்கம் திரும்பினாள். "போன்ல வந்தது ஆவி இல்ல. மிமிக்ரியும் இல்ல. மிமிக்ரி பண்றவங்க குரலை எளசாவே வச்சுப்பாங்க. ஒரு குரலுக்கு வயசாகுதுன்னா அதுக்குச் சொந்தக்காரங்க இன்னும் உயிரோட இருக்காங்க."

டாக்டர் எழுந்துவிட்டாள். "அப்ப அம்மா..."

"உக்காரும்மா. குரலுக்குச் சொந்தக்காரங்கன்னுதான் சொன்னேன். உங்க அம்மாவுக்குத் தமிழ் தாய்மொழி இல்ல. வசனத்தைத் தன்னோட மொழி எழுத்துல எழுதி வச்சு மனப்பாடம் பண்ணியிருக்காங்க. உச்சரிப்பு சரியா வந்திருக்காது. ரெண்டு வார்த்தைன்னா சமாளிக்கலாம், நீளமாப் பேசினா உதடு காட்டிக் கொடுத்துடும். அதனால திருப்பி நிக்க வச்சாங்க. ஊரு அதை ஸ்டைல்னு கொண்டாடுச்சு. அவங்களுக்காகக் குரல் கொடுத்தது வேற ஒருத்தங்க."

"இல்ல," என்றாள் டாக்டர். "அது எங்க அம்மா குரல்."

"உங்க அப்பாவுக்குக் காது பாம்புக் காது. ஆனா மனைவி படத்தைச் சத்தமில்லாமத்தான் பாக்குறார். அந்த முகம் அவருக்கு வேணும். அந்தக் குரல் அவர் மனைவியோடது இல்ல. உனக்குப் போடுறப்ப மட்டும் சத்தம் வைப்பார். போன்ல பேசினவங்க உன்னை 'உங்க பொண்ணு'ன்னாங்க. கோவத்துல சொன்ன 'உங்க' இல்ல அது. நிஜமாவே அவங்க பொண்ணு இல்ல நீ. 'ஏமாத்தினது போதும்'னாங்களே, அந்த ஏமாத்து இதுதான்."

டாக்டர் அப்பாவைப் பார்த்தாள். அறுந்து விழுவதற்கு முன் கயிறு இழுபடுமே, அப்படி இருந்தது அவள் முகம். டூப்பு ஜன்னல் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

"ஏம்பா?"

"வெளியில சொல்லக் கூடாதுன்னு முதலாளி சத்தியம் வாங்கினார். அது முதல்ல. அப்புறம் அவ போயிட்டா." பெரியவர் தன் வலது கையை ஏதோ அந்நியப் பொருள் மாதிரி பார்த்தார். "படகு கவுந்தப்ப அவ கை இதுலதான் இருந்துச்சு. பிடிச்சுத்தான் இருந்தேன். நழுவிடுச்சும்மா. உசிரோட இருக்காளோன்னு நீ நினைக்காதே. அவ முழுகினதை நான் பாத்தேன்." மூச்சு வாங்கினார். "நீ ராவும் பகலும் அழுதே. ஒரு நாள் ரேடியோவுல அந்தக் குரல் வந்துச்சு. நீ டக்குனு நிறுத்திட்டு 'அம்மா'ன்னே. அம்மான்னு உனக்கு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். அதையும் எப்படிடா பிடுங்குவேன்?"

டாக்டர் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை.

"'என்னால பேச முடியாது'ன்னு சொன்னாங்களே," என்றாள் குறிப்பம்மா மெதுவாக. "தொண்டையில ஆபரேஷனா ஐயா?"

"குரல்வளையையே எடுக்கணுமாம். நோய் அப்படி. அதுக்கு முன்னால உங்க அம்மாவைத் தெரிஞ்ச யார்கிட்டயாவது பேசணும்னு என்னைக் கூப்பிட்டா. நாங்க ரெண்டு பேரும் பேசுறது உங்க அம்மாவைப் பத்தித்தான். அவளை நேர்ல தெரிஞ்சவங்க இன்னிக்கு நாங்க ரெண்டே பேர்தான் மிச்சம்."

மூன்று மணிக்குப் போன் அடித்தது. பெரியவர் கை நீட்டினார். அதற்கு முன் டாக்டர் எடுத்துவிட்டாள். காதில் வைத்து அந்தக் குரல் ஒரு வரி பேசும்வரை கேட்டாள். பிறகு, "எந்த ஆஸ்பத்திரி? வார்டு நம்பர் சொல்லுங்க," என்றாள்.

நான்கு மணிக்குள் அங்கே இருந்தார்கள். ஜன்னலோரக் கட்டிலில் சின்ன உருவமாக ஒரு மூதாட்டி, கனத்த கண்ணாடி, கழுத்தில் துணிச் சுற்று. தெருவில் பார்த்தால் இரண்டாம் தடவை திரும்பிப் பார்க்க மாட்டோம். வாயைத் திறந்ததும் டூப்புக்குப் பதினோரு படமும் ஒரே நேரத்தில் காதில் விழுந்தது.

"மன்னிச்சுடும்மா. உனக்குச் சேர வேண்டிய ஒண்ணு என்கிட்ட இருந்துடுச்சு."

டாக்டர் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "அம்மா எப்படிப் பேசுவாங்க?"

"கட்டைக் குரல். ஆம்பளைக் குரல் மாதிரி இருக்கும். தமிழை உடைச்சு உடைச்சுப் பேசுவா. சிரிப்பா இருக்கும், அவளும் சிரிப்பா. செட்டுல அவ பக்கத்துலயே உக்காந்திருப்பேன், எங்க மூச்சு விடுறா, எங்க நிறுத்துறான்னு பாத்துக்கிட்டே. மைக்கை மட்டும் அவ பக்கம் திருப்பவே மாட்டாங்க. ஒரு வார்த்தைகூட எங்கயும் பதிவாகல."

"உங்களால பேசிக் காட்ட முடியுமா? அவங்க மாதிரி?"

மூதாட்டி பெரியவரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, கழுத்துச் சுற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். பிறகு அந்தச் சின்ன உடம்பிலிருந்து, யாரும் எதிர்பாராத ஆழத்திலிருந்து, கனத்த குரல் ஒன்று எழுந்தது.

"பாப்பா... தூங்கல நீ? அம்மா போறான், வரான். அழக்கூடா. எங்க, சிரி."

ஜன்னல் பக்கம் நின்றிருந்த பெரியவர் சட்டென்று திரும்பினார். அவர் உதடுகள் ஒரு பெயரைச் சொல்லின, சத்தமில்லாமல்.

டாக்டருக்கு ஐம்பது வயது. நெற்றியைக் கட்டில் கம்பியில் சாய்த்துக்கொண்டாள். "அழலைம்மா," என்றாள்.

டூப்பு சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்துப் பதிவு செய்யும் பொத்தானைத் தேடினார். கிடைக்கவில்லை. குறிப்பம்மா அதை வாங்கி, சரியாக அழுத்தி, மூதாட்டியின் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இன்னொரு தடவை," என்றாள் டாக்டர், தலையை நிமிர்த்தாமல்.

மூதாட்டி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.