அணைத்தும் அணையாத பெட்டி

கடுகுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அப்புறம்தான் வாய் திறக்கும்.

அவளுக்கு ஒன்பது வயது. ஆள் சிறிசு, வெடிப்பு பெரிது. அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் கடுகு. எல்லோரும் என்றால் அப்பா, அண்ணன், அவள். வீட்டில் மூன்று பேர்தான்.

அன்று மூன்று பேருக்குமே கோபம்.

"நான் அணைச்சேன்!" என்று அண்ணன் கத்தினான். அவனுக்குப் பதிமூன்று வயது. கத்தும்போது குரல் பாதியில் உடைந்தது.

"அப்போ இது ஏன் ஓடுது?" என்றார் அப்பா. அவர் கத்தவில்லை. அப்பா கத்தாமல் பேசினால்தான் பயம்.

மேசைக்குக் கீழே கம்ப்யூட்டர் பெட்டி 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டிருந்தது. திரை கறுத்துக் கிடந்தது. ஆனால் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுற்றியது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். கருகிப்போன வயர்களைப் பார்த்துப் பார்த்து, ஆளில்லாத அறையில் எது ஓடினாலும் அவருக்கு ஆகாது.

"மூணு நாளா சொல்றேன். இன்னைக்கும் ஓடுது. கடைசியா உக்கார்றது யாரு?"

நாலு மணியிலிருந்து ஐந்து வரை கடுகின் நேரம். ஐந்திலிருந்து ஆறு வரை அண்ணனின் நேரம். பிறகு இருவரும் கீழே விளையாடப் போவார்கள். ஏழு மணிக்கு அப்பா வருவார். அதனால் கடைசி ஆள் எப்போதும் அண்ணன்தான்.

"நான் போனதுக்கப்புறம் கடுகு வந்து போட்டிருப்பா" என்றான் அண்ணன்.

கடுகின் காது சிவந்தது. "நானா? நான் உனக்கு முன்னாடியே கீழ போயிட்டேன்! பொய் சொல்லாதே!"

"போதும்." அப்பா குனிந்து சுவரில் இருந்த சுவிட்சை 'டப்' என்று அணைத்தார். "இன்னும் ரெண்டு வாரத்துக்கு நீ இதைத் தொடக் கூடாது."

அண்ணனின் முகம் வெளுத்தது. "அப்பா, திங்கட்கிழமை படத்தைக் குடுக்கணும்!"

பள்ளியில் குறும்படப் போட்டி. அண்ணன் களிமண்ணில் ஒரு யானை செய்திருந்தான். அது மாடிப்படி ஏறுகிறது. ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு புகைப்படம். இதுவரை நானூற்றுப் பன்னிரண்டு எடுத்துவிட்டான். இன்னும் இருபது எடுக்கவேண்டும். எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கோத்தால்தான் யானை நடக்கும்.

"பொய் சொல்றவனுக்குப் படம் ஒரு கேடா?" என்றாள் கடுகு.

அண்ணன் அவளை ஒரு பார்வை பார்த்தான். போய்க் கதவை அறைந்தான்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. நாலிலிருந்து ஆறு வரை கம்ப்யூட்டர் கடுகுக்கே சொந்தம். அவள் ஒரு மீன் வரைந்தாள். அதற்குத் தொப்பி போட்டாள். ராஜ்ஜியமே கைக்கு வந்த மாதிரி இருந்தது.

பக்கத்து அறையில் அண்ணன் யானையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

'நான் கீழ போனதும் திருட்டுத்தனமா வந்து உக்காருவான்' என்று நினைத்தாள் கடுகு. 'இன்னைக்குக் கையும் களவுமாப் பிடிக்கிறேன்.'

ஆறு மணிக்கு ஷட் டவுன் கொடுத்தாள். திரை கறுத்ததும் பெட்டியின் பொத்தான் மேல் ஒட்டுநாடாவை ஒட்டினாள். நாடாவின் மேல் தன் கையெழுத்தைப் போட்டாள். அதுவும் போதாது என்று மவுஸைப் பிடுங்கிப் பாவாடைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினாள்.

கீழே பந்து விளையாடும்போது மவுஸின் வயர் பையிலிருந்து நழுவித் தொங்கியது.

"ஏய், கடுகுக்கு வால் முளைச்சிடுச்சு!" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சட்டை செய்யவில்லை.

ஆறேகாலுக்கு மேலே வந்தாள். கதவைத் திறந்ததுமே கேட்டது, 'ம்ம்ம்.'

"மாட்டினியா!" என்று பாய்ந்தாள்.

பச்சை விளக்கு எரிந்தது. நாடா ஒட்டியபடியே இருந்தது. கையெழுத்து கொஞ்சமும் கலையவில்லை. மவுஸ் அவள் பைக்குள்தான் இருந்தது.

கடுகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

யாரும் இதைப் போடவில்லை. அப்படியென்றால் இது அணையவே இல்லை!

திரை கறுத்ததும் வேலை முடிந்தது என்று அவளும் ஓடினாள், அண்ணனும் ஓடினான். பெட்டியை யாரும் குனிந்து பார்க்கவில்லை. அப்பாவும் வந்த கோபத்தில் சுவர் சுவிட்சைத்தான் தட்டினார்.

அண்ணன் சொன்னது நிஜம். மூன்று நாளும் நிஜம்.

அப்பா வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. சுவர் சுவிட்சை அணைத்தால் போதும், யாருக்கும் தெரியாது. இரண்டு வாரம் கம்ப்யூட்டர் முழுக்க அவளுக்குத்தான்.

அவள் கை சுவிட்ச் வரை போய்விட்டது.

அப்போது பக்கத்து அறையில் 'தப்... தப்...' என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அண்ணன் யானையைத் தரையில் வைத்து உள்ளங்கையால் அடித்துக்கொண்டிருந்தான். துதிக்கை சப்பட்டையாகியிருந்தது.

"அண்ணா! யானையை விடு! நீ பொய் சொல்லல!"

ஓங்கிய கை நின்றது.

கடுகு ஒன்றையும் மறைக்கவில்லை. நாடா, கையெழுத்து, மவுஸ், எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னாள். அண்ணன் வந்து பெட்டியைப் பார்த்தான். சந்தோஷப்படுவான் என்று நினைத்தாள். அவனோ கொதித்துப் போனான்.

"மூணு நாளா தொண்டை கிழியக் கத்தினேன்! ஒருத்தராவது குனிஞ்சு பாத்தீங்களா? படம் ஒரு கேடான்னு கேட்டல்ல?"

"தப்புதான்."

"தப்புதான்னா? அவ்வளவுதானா?"

"ரொம்பத் தப்பு."

"இன்னும்!"

"ரொம்ப ரொம்பத் தப்பு. அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியாது. ஒம்போது வயசுதான் ஆகுது!"

அண்ணனுக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் சிரிக்க அவன் தயாராக இல்லை. "மவுஸைக் குடு" என்றான்.

இருவரும் வேலையில் இறங்கினார்கள். பொத்தானை நெடுநேரம் அழுத்தினால் பெட்டி அடங்கியது. மறுபடி போட்டு, பிரிண்டர் வயரைக் கழற்றிவிட்டு ஷட் டவுன் கொடுத்தார்கள். 'ம்ம்ம்.' ஸ்பீக்கரைக் கழற்றினார்கள். 'ம்ம்ம்.' பென் டிரைவைப் பிடுங்கினார்கள். அப்போதும் 'ம்ம்ம்.' ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் ஒழுங்காக நின்று, மறுபடி எழுந்தது. கடுகு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினாள்.

"எழுதி என்ன பண்ணப் போறே? ஊறுகாய் போடவா?" என்றான் அண்ணன்.

"கம்ப்யூட்டர் கடை அக்காகிட்ட கேக்கப் போறேன்."

பெட்டியின் பக்கவாட்டில் அதை விற்ற கடையின் போன் எண் ஒட்டியிருந்தது. அந்தக் கடையில் பழுது பார்க்கும் அக்கா போனை எடுத்தாள்.

"கம்ப்யூட்டர் அணைய மாட்டேங்குதா? கொண்டு வாம்மா, பாக்கலாம்."

"அது என்னைவிடக் கனம் அக்கா. நாங்க என்ன பண்ணோம்னு சொல்லட்டுமா?"

தாளில் இருந்ததை வரிசையாகப் படித்தாள். அக்கா நடுவில் பேசவே இல்லை. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கிட்டத்துல அப்டேட் ஏதாவது ஓடுச்சா?"

"திங்கட்கிழமை. வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு."

"சரி. ஷிஃப்ட் கீயை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே ஷட் டவுன் குடு. போனை வெச்சுடாதே."

கடுகு சொல்லச் சொல்ல அண்ணன் அப்படியே செய்தான். திரை கறுத்தது. 'ம்ம்ம்' என்ற சத்தம் மெல்லத் தேய்ந்து 'டக்' என்று நின்றது. பச்சை விளக்கும் போய்விட்டது. சமையலறைக் குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது.

"அக்கா, செத்துடுச்சு!"

"சாகலம்மா, இப்பதான் நிஜமாத் தூங்குது. சீக்கிரம் எழுந்திருக்கணும்னு இவ்வளவு நாளும் அரைக்கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுத் தூங்கப் பாத்துச்சு. அப்டேட்டுக்கு அப்புறம் அது சரியா வரல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒரு இடத்துல டிக் இருக்கும். அதை எடுத்துட்டா போதும். வழி சொல்றேன், எழுதிக்கோ."

கடுகு எழுதிக்கொண்டாள். போனை வைத்ததும் அண்ணன் பெட்டியைப் போட்டு மவுஸைப் பிடித்தான்.

"இரு, இரு! இப்பவே எடுக்காதே!"

"ஏன்?"

"நாம சரி பண்ணிட்டா அப்பா எதைப் பாப்பார்? பழுதை அவர் கண்ணால பாக்கணும்."

அண்ணன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "கடுகுக்குள்ளயும் கொஞ்சம் மூளை இருக்கு."

ஏழு மணிக்கு அப்பா வந்தார். பெட்டி ஓடுவதைப் பார்த்தார், அதன் முன்னால் அண்ணன் உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார். அவருடைய தாடை இறுகியது.

"இதைத் தொடக் கூடாதுன்னு உன்கிட்ட சொன்னேனா இல்லையா?"

"அப்பா, நீங்களே அணைங்க" என்றாள் கடுகு.

"இப்போ விளையாட்டு வேண்டாம்."

"விளையாட்டு இல்ல. லிஃப்ட் நின்னு போச்சுன்னா, அதைப் பாக்காமலே யார் மேல தப்புன்னு சொல்லுவீங்களா?"

அப்பா பையைக் கீழே வைத்தார். வந்து மவுஸைப் பிடித்து ஷட் டவுன் கொடுத்தார். திரை கறுத்தது.

"அணைஞ்சிடுச்சு. இப்ப என்ன?" என்று எழுந்தார்.

கடுகு அவர் சட்டையைப் பிடித்தாள். "போகாதீங்க. இப்படித்தான் நாங்களும் போனோம்."

அப்பா நின்றார். 'ம்ம்ம்.' குனிந்தார். பெட்டியின் பின்னால் கையை வைத்தார். வெதுவெதுப்பான காற்று அவர் விரல்களில் பட்டது. வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"மூணு நாளும் இப்படித்தானா?"

"மூணு நாளும்" என்றான் அண்ணன்.

"நான் பாத்திருக்கணும்."

"ஆமா."

அப்பாவிடம் யாரும் இப்படி 'ஆமா' சொன்னதில்லை. கடுகு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்பா கோபப்படவில்லை.

"தப்பு என்னோடதுடா" என்றார். "மன்னிச்சுக்கோ."

அண்ணன் பொத்தானை நெடுநேரம் அழுத்திப் பெட்டியை அடக்கினான். மறுபடி போட்டான். கடுகு தாளைப் படிக்கப் படிக்க, ஒவ்வொன்றாகத் திறந்து போய் அந்த டிக்கை எடுத்தான். ஷட் டவுன் கொடுத்தான். பெட்டி முழுதாக அடங்கியது.

"படம் என்ன ஆச்சு?" என்று அப்பா கேட்டார்.

அண்ணன் யானையைக் கொண்டுவந்து காட்டினான். துதிக்கையைத் திரும்பப் பிசைந்து ஒட்டியிருந்தான். அது முன்பைவிடக் குட்டையாக இருந்தது.

"கடைசிப் படிகள்ல வித்தியாசமாத் தெரியும்" என்றான் வெறுப்போடு.

"ஏறி ஏறிக் களைச்சுப் போச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றாள் கடுகு.

இம்முறை அண்ணனால் அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டான். உடனே முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டான்.

"எனக்கு இன்னும் கோபம் போகல. ரெண்டு பேர் மேலயும்தான். கடுகு, நீ கேமராவைப் பிடி. அப்பா, நீங்க டார்ச்சைப் பிடிங்க."

அப்பா மண்டியிட்டு டார்ச்சைப் பிடித்தார். அண்ணன் யானையின் முன்னங்காலை ஒரு நூலளவு தூக்கி வைத்தான்.

"அப்பா, அசையாதீங்க. நிழல் விழுது."

"சரிப்பா" என்றார் அப்பா. யானை கடைசிப் படி ஏறி முடிக்கும் வரை அவர் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விட்டார்.