பின்கதவுப் பக்கத்து இருக்கை

"பதுர்தீன் நானா, என்ட சொல்லாலயா என்ட புள்ள மவுத்தானான்? அத மட்டும் பாத்துச் சொல்லுங்க."

ஸக்கியா அழவில்லை. கற்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து, புத்தளத்தில் பதுர்தீனின் முன்னறைக் கதிரையில் உட்கார்ந்து, மீன் விலை கேட்பதுபோல இதைக் கேட்டாள்.

பதுர்தீன் பொலிஸிலிருந்து ஓய்வு பெற்றவர். அவசரம் என்பதையே அறியாதவர். அவருக்கும் சேர்த்து அவசரப்பட, தங்கை மகள் றிப்னா இருந்தாள்.

ஸக்கியாவின் மகன் அர்கம் இராணுவத்தில் இருந்தவன். அமைதிப் படையோடு ஆபிரிக்காவுக்குப் போன இடத்தில், அவன் ஏறிய கவச வண்டியின் அடியில் கண்ணிவெடி வெடித்தது. வண்டிக்குள் இருந்தவர்களில் அவன் மட்டுமே செத்தான். கூட இருந்த கோப்ரல் இன்னாசிப்பிள்ளை சிலாபத்துக்காரர். பின்னேரத் தொழுகையான அஸரைத் தொழ வேண்டுமென்று அர்கம் பெல்டைக் கழற்றி எழுந்த நேரத்தில்தான் வெடித்தது என்று, அவர் வீடு தேடி வந்து சொல்லியிருந்தார்.

"ஒரு வக்துத் தொழுகையும் விட்றாத மகன் என்டு ஒவ்வொரு நாளும் சொன்னது நான்தான். இப்ப தொழுறதுக்கு முஸல்லாவ விரிச்சு நிண்டா எனக்கு ஒண்டும் வருதில்ல," என்றாள் ஸக்கியா.

வெடி வெடித்த அன்று அர்கம் அனுப்பிய குரல் பதிவை அவள் இன்னும் கேட்கவில்லை. போனை மேசையில் வைத்துவிட்டு வாசலில் போய் நின்றாள். றிப்னா அதை அழுத்தினாள்.

"உம்மா, லுஹரையும் அஸரையும் சேத்துத் தொழுதுட்டுத்தான் வண்டியில ஏறினேன். இனி ராவைக்குத்தான் கதைப்பேன். எனக்குப் பின்கதவுப் பக்கத்து சீட், நல்ல இடம். பாவம், கோப்ரல்ட சீட்டு பெல்ட்தான் பூட்டுதில்ல. கையால புடிச்சிட்டு இருக்கார்."

"கோப்ரல் முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சிருக்கார், மாமா!" றிப்னா துள்ளினாள்.

"பொய் தெரிஞ்சிட்டு. உண்மை இன்னும் தெரியல்ல. அவர வரச் சொல்லு."

லீவில் வந்திருந்த கோப்ரல் பிஸ்கட் பெட்டியோடு ஸக்கியா வீட்டுக்கு வந்தார். றிப்னாவோடு அங்கே காத்திருந்த பதுர்தீன் வண்டியைப் பற்றித்தான் பேச்சுக் கொடுத்தார்.

"அடிப்பக்கம் எப்படி இருக்கும், கோப்ரல்?"

"வள்ளத்துட அடி மாதிரி, நடுவுல கூரா இருக்கும் சேர். அடியில வெடிச்சா ரெண்டு பக்கத்தாலயும் சிதறிப் போயிரும். ஆனா வண்டியத் தூக்கி அடிக்கும். பெல்ட் போட்டவன் தப்புவான். போடாதவன்ட தலை கூரையில அடிபடும்."

"உங்களுக்கு?"

கோப்ரல் இரண்டு தோள்களையும் தடவிக்கொண்டார். "பெல்ட் இறுக்கின நோவு இன்னும் இருக்கு."

பதுர்தீன் தேநீரைக் குடித்து முடித்தார்.

"பிரயாணத்துல நாங்க பகல் லுஹரோடயே அஸரையும் சேத்துத் தொழலாம். அர்கம் தொழுது முடிச்சிட்டுத்தான் ஏறினான். அவன்ட குரல்லயே இருக்கு. உங்களுக்கு எங்கட வழக்கம் தெரியாது. அதால அந்தக் காரணம் பொருத்தமாப் பட்டிருக்கும். ரெண்டாவது, பூட்டாத பெல்ட் உங்கட சீட்டுலதான் இருந்திருக்கு. ஆனா உங்கட தோள பெல்ட் இறுக்கியிருக்கு. அப்ப வெடிக்கக்குள்ள நீங்க இருந்தது யாருட சீட்டுல?"

கோப்ரல் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"ரோட்டப் பாக்கப் பயமா இருந்திச்சு," என்றார். "சீட்ட மாறு என்டேன். கேட்டது இல்ல சேர், ஓடர் போட்டது."

றிப்னா ஸக்கியாவின் கையைப் பிடித்தாள். "பாத்தீங்களா சாச்சி? உங்கட சொல்லால இல்ல!"

ஸக்கியா கோப்ரலைப் பார்த்தாள். கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை.

"அவன் என்ன சொன்னான், தம்பி?"

"ஒண்டும் சொல்லல்ல அம்மா. சரி கோப்ரல் என்டுட்டு எழும்பினான்."

"அப்பிடித்தான் சொல்லுவான்," என்றாள் ஸக்கியா. "மூத்தவங்க சொன்னா மறுபேச்சுப் பேசப்படாது என்டு சொல்லி வளத்ததும் நான்தான்."