பாட்டுப் பெட்டிக்குள் என்ன?

அப்பா பேசி நான்கு மாதம் ஆகியிருந்தது.

ஒரு நாள் காலையில் லாரி ஓட்டக் கிளம்பியவர், செருப்பை மாட்டும்போதே சரிந்து விழுந்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார்கள். உயிர் தப்பியது. ஆனால் வலது கையும் வலது காலும் மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டன. பேச்சு அடியோடு போய்விட்டது. தண்ணீர் வேண்டுமென்றால்கூட "ஆ... ஆ..." என்பார். எதிரே இருப்பவருக்குப் புரியாவிட்டால் இடது கையால் கட்டிலைக் குத்துவார். பிறகு அழுவார்.

அப்பா அழுவதைப் பார்ப்பதுதான் பெரியவளுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. அவளுக்கு வயது பதினொன்று. அவள் தம்பிக்கு ஐந்து. பெரியவள், வாண்டு என்று அவர்களைக் கூப்பிட ஆரம்பித்ததே அப்பாதான். இப்போது அவரால் இரண்டு பெயரையும் சொல்ல முடியவில்லை. வாண்டு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் போவதையே விட்டுவிட்டான்.

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே அப்பா வாங்கிய சிடி பிளேயர் ஒன்று அலமாரி மேல் இருந்தது. அதில் பழைய பாட்டைப் போட்டால் அப்பாவும் கூடவே பாடினார். வார்த்தை வார்த்தையாக, தெளிவாகப் பாடினார். முதல் நாள் அதைக் கேட்டு அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டாள்.

டாக்டர் ஆச்சரியப்படவில்லை. மூளையில் பேச்சுக்கு ஓர் இடம், பாட்டுக்கு வேறோர் இடம் என்றார். பாட்டின் இடம் பிழைத்திருக்கிறதாம். தினமும் பாடட்டும், அந்த வழியாகவே பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

அந்தப் பெட்டிதான் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட மறுத்தது.

சிடியைத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினால் 'கிர்ர்' என்று கொஞ்சம் சுற்றும். நின்றுவிடும். முன்பக்கச் சின்னத் திரையில் 'நோ டிஸ்க்' என்று பச்சை எழுத்து வரும். கண்ணெதிரே சிடியை விழுங்கிவிட்டு, சிடியே இல்லை என்று சாதித்தது பெட்டி.

பெரியவள் வேறு சிடி போட்டுப் பார்த்தாள். மூன்றாவதும் போட்டாள். மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைத்தும் பார்த்தாள். எதுவும் நடக்கவில்லை.

மறுநாள் அம்மா தையல் ஆலைக்குப் போகும் வழியில் பெட்டியை ரேடியோ கடைக்காரரிடம் காட்டினாள். அவர் சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர். பெட்டியைத் திறக்கவே இல்லை. காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இதோட கண்ணு போயிடுச்சும்மா. தூக்கிப் போட்டுடுங்க" என்றார்.

அப்பாவிடம் அதை யாரும் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பெரியவளுக்கு ஒன்று மட்டும் இடித்தது. இந்தப் பெட்டி லேசர் வெளிச்சத்தால் சிடியைப் படிக்கிறது என்று அவள் அறிவியல் ஆசிரியை சொல்லியிருந்தார். அந்தக் கண் வயதாகிக் கெட்டுப்போகும் என்றால் முதலில் பாட்டு திக்கும், தாவும். அப்புறம்தானே நிற்கும்? சனிக்கிழமை சாயங்காலம் ஒரு வார்த்தைகூடத் திக்காமல் பாடியது. ஞாயிறு காலையில் நின்றுவிட்டது. நடுவில் என்னவோ நடந்திருக்கிறது.

பெட்டியைத் திறந்து பார்க்கலாமா என்று அம்மாவிடம் கேட்டாள். "கெட்டுப்போனது இனிமே என்ன கெடப்போகுது? ஆனா பிளக்கைப் பிடுங்கிட்டுத் தொடு" என்று மட்டும் சொன்னாள் அம்மா.

பள்ளி விட்டு வந்ததும் பெரியவள் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியைத் தரையில் வைத்து, நான்கு திருகாணிகளைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். வாண்டு கதவோரம் நின்று பார்த்தான். கிட்டே வரவில்லை. மற்ற நாளாக இருந்தால் திருகாணியை மூக்கில் வைத்துப் பார்த்திருப்பான்.

மேல்மூடியைத் தூக்கினாள். உள்ளே தூசி. தூசிக்கு நடுவே, கண் இருக்க வேண்டிய இடத்தை மூடிக்கொண்டு ஒரு காகிதம் கசங்கிக் கிடந்தது.

மெதுவாக உருவி விரித்தாள். சிடி அளவுக்கு வட்டமாக, கோணல்மாணலாக வெட்டிய காகிதம். நடுவில் ஓட்டை. மெழுகுக் கலரால் பெரிது பெரிதாக ஒரே சொல்லை எழுதியிருந்தது. வாண்டு, வாண்டு, வாண்டு. ஒன்றில் 'ண்'ணுக்குப் புள்ளி இல்லை.

அவள் நிமிர்ந்தாள். வாண்டு கதவுக்குப் பின்னால் பாதி ஒளிந்துகொண்டான்.

"சிடியில என்ன இருக்கோ அதைத்தானே அப்பா சொல்றாரு" என்றான். "என் பேர் எந்த சிடியிலயும் இல்லக்கா. அதான் நானே செஞ்சேன்."

கட்டிலில் அப்பா சுவரைப் பார்த்தே கிடந்தார்.

மூன்று நாள் பட்டினியும் அம்மாவின் முகமும் பெரியவளுக்கு நினைவுக்கு வந்தன. திட்டுவதற்கு வாய் வரைக்கும் வார்த்தை வந்தது. காகிதத்தை மறுபடி பார்த்தாள். வார்த்தை வந்த வழியே போய்விட்டது. அதை நான்காக மடித்துத் தன் புத்தகத்துக்குள் வைத்தாள்.

"எனக்கு ஒரு கை குறையுது. வந்து கிண்ணத்தைப் பிடிச்சுக்கோ" என்றாள்.

மூடியைப் பொருத்தி, பிளக்கைச் சொருகி, சிடியைப் போட்டாள். 'கிர்ர்'. நோ டிஸ்க்.

வாண்டு ஓவென்று அழ ஆரம்பித்தான். அவன் கண்ணைத் துடைக்கப் பெரியவள் கையை நீட்டினாள். அவள் விரல் நுனியில் நீல மெழுகு ஒட்டியிருந்தது. காகிதத்தின் மெழுகு விரலில் ஒட்டினால், கண்ணில் ஒட்டாமல் இருக்குமா?

மறுபடி பிளக்கைப் பிடுங்கித் திறந்தாள். பருப்பு அளவே இருந்த கண்ணாடிக் கண்ணில் நீலமாக ஒரு தீற்றல். அப்பாவுக்கு ஊசி போடும்போது தடவும் ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, பிழிந்து, இறகால் தொடுவதுபோலத் துடைத்தாள். காய்ந்ததும் மூடினாள்.

இந்த முறை 'கிர்ர்' நிற்கவில்லை. திரையில் எண்கள் ஓடின. பாட்டு கிளம்பியது.

அப்பா திரும்பவில்லை. முதல் அடி போயிற்று, இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதில் சுவர்ப்பக்கமிருந்து கம்மிய குரல் சேர்ந்துகொண்டது.

"வந்துவிடு கண்ணே, வழி பார்த்து நிற்கிறேன்..."

வேலை முடிந்து அம்மா வந்தபோது அப்பா உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் நின்றாள். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, உள்ளே ஒரு காகிதம் சிக்கியிருந்தது என்றாள் பெரியவள். யார் காகிதம் என்று சொல்லவில்லை.

ஆனால் வாண்டு மறுபடி கதவோரம் போய் நின்றான். அவன் பெயர் இந்தப் பாட்டிலும் இல்லை.

பெரியவள் பெட்டியை நிறுத்தினாள். அப்பா கோபமாகக் கையை ஓங்கினார். அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, அதே மெட்டில் மெதுவாகப் பாடினாள்.

"வந்துவிடு வாண்டே, வழி பார்த்து நிற்கிறேன்..."

அப்பா அவள் வாயையே பார்த்தார். மறுபடி பாடினாள். ஏழெட்டு முறை பாடினாள். "வந்துவிடு க... க..." என்று அவர் திக்கினார். கண்ணீர் வழிந்தது. போதும் விடு என்று அம்மா சொல்ல வாயெடுத்தாள்.

"வந்துவிடு... வா... வாண்டே..."

மெட்டு கொஞ்சம் பிசகிற்று. பெயர் பிசகவில்லை.

வாண்டு ஓடிப்போய்க் கட்டிலில் ஏறினான். அப்பாவின் அசையாத கையை இரண்டு கையாலும் தூக்கித் தன் தோள்மேல் போட்டுக்கொண்டான்.

"வந்துட்டேம்ப்பா" என்றான்.