நாலு புள்ளி இரண்டு

அறிக்கையில் பொட்டாசியம் நாலு புள்ளி இரண்டு. குறை சொல்ல முடியாத எண். ஆனால் மலர்க்கொடியின் தலை தலையணையில் நிற்கவில்லை. நர்ஸ் சிவரஞ்சனி தூக்கி வைத்த பக்கமெல்லாம் ஈரத்துணி மூட்டைபோலச் சரிந்தது.

செந்துறைப் பக்கம் ஒரே தொட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டு வந்த ஆறு பேரில் அவளும் ஒருத்தி. மூன்று நாளாக வயிற்றுப்போக்கு. மத்தியான வெக்கையில், பினாயிலுக்கு அடியிலிருந்து புளித்த நாற்றம் மெல்ல எழுந்து, முகக்கவசத்துக்குள் நுழைந்து, சிவரஞ்சனியின் நாக்கில் படிந்தது. மலர்க்கொடியின் கடைவாய் எச்சிலில் ஓர் ஈ. விரட்டக் கை எழவில்லை. கண் மட்டும் ஈயைப் பார்த்தது.

"நேத்து கால் வரலன்னு சொன்னா. இன்னிக்குக் கையும் வரல. மூச்சு மேலயே நிக்குதுங்க சிஸ்டர்," என்றார் கணவர் பழனிவேல்.

"ரிப்போர்ட் நார்மலா இருக்குங்கண்ணே."

"அப்ப ரிப்போர்ட்டுக்குச் சோறு ஊட்டி வூட்டுக்குக் கூட்டிட்டுப் போவட்டுங்களா?"

வயிற்றுப்போக்கோடு பொட்டாசியமும் போகும். போனால் தசை சொன்னபடி கேட்காது. கடைசியில் மூச்சும் இதயமும் கேட்காது. இது சிவரஞ்சனிக்குத் தெரியும். எண்தான் ஒத்துவரவில்லை.

பரிசோதனை அறைக்கு ஓடினாள். "மெஷின் பொய் சொல்லாதுக்கா. நீங்க குடுத்த ரத்தந்தான்," என்று லேப் டெக்னீஷியன் ஜோதி குழாயை நீட்டினாள்.

சிவரஞ்சனி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். செல்கள் அடியில் இறங்கியபின் மேலே நிற்கும் நீர் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும். இது கறி கழுவிய தண்ணீர்.

பொட்டாசியம் அந்த நீரில் கொஞ்சம்தான், செல்களுக்குள்தான் ஏராளம். செல் உடைந்தால் அது வெளியே கொட்டி, இல்லாததை இருப்பதாகக் காட்டும். உடைத்தது அவள் கட்டைவிரல். காலையில், சிரிஞ்சிலிருந்து ஊசியைக் கழற்றாமல், அந்த மயிரிழைத் துளை வழியே ரத்தத்தைக் குழாய்க்குள் அழுத்திப் பீய்ச்சியது.

மலர்க்கொடியிடம் மறுபடி ரத்தம் எடுத்தாள். மேல்நீர் மஞ்சள்.

ஒன்று புள்ளி ஆறு.

"மானிட்டர் போடும்மா. பொட்டாசியம் டிரிப்ப மெதுவா விடு, வந்துட்டேன்," என்றார் போனில் டாக்டர் பாலாஜி. சிவப்பு மையில் எழுதினாள்: எண், நேரம், சொன்னவர், கேட்டவர்.

"அக்கா," ஜோதி வார்டு வாசலில் வந்து நின்றாள். கையில் தட்டு. மற்ற ஐந்து பேரின் காலை ரத்தம், ஐந்து குழாய்கள். ஐந்திலும் கறி கழுவிய தண்ணீர். ஐந்துக்கும் 'நார்மல்' என்று எழுதியது சிவரஞ்சனியின் கையெழுத்து.

வார்டைத் திரும்பிப் பார்த்தாள்.

ஐந்து கட்டில். சரிந்த தலைகள். திறந்த வாய்கள். பத்துக் கண்கள் மட்டும் அவள் பக்கம் நகர்ந்தன.

முதல் கட்டிலில் உட்கார்ந்து தனக்கே சொல்லிக்கொண்டாள். கையில் இறுக்கிய பட்டையைத் தளர்த்து. ஊசியைக் கழற்று. மூடியைத் திற. ரத்தத்தைக் குழாயின் சுவரோடு மெல்ல வழியவிடு. மேல்நீர் சிவந்தால், அந்த எண்ணை எழுதாதே.