முதல் விதி: போன் கூடையில்!

"ஐயோ...! ரத்தம்...! யாராவது வாங்களேன்...!"

ஷவரை நிறுத்தியதும் கீழேயிருந்து வந்த அலறலில், குளித்துக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் கையிலிருந்து சோப்பு நழுவியது.

தலை நிறைய ஷாம்பூ நுரை. கண் எரிந்தது. கைக்குக் கிடைத்த நைட்டியை மாட்டிக்கொண்டு ஈரக்காலோடு மாடிப்படியில் ஓடினாள்.

சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

அங்கிள் மல்லாந்து கிடந்தார். சட்டை முழுக்கச் சிவப்பு. நெஞ்சில் பச்சைப் பிடி போட்ட ஒரு கத்தி.

அவளுடைய கத்தி!

ஊரிலிருந்து கிளம்பும்போது அம்மா பெட்டியில் வைத்தது. அரைமணி நேரத்துக்கு முன்னால், இதே மேஜையில், அதில்தான் ஆப்பிள் நறுக்கினாள்.

"ஆன்ட்டி... என்னாச்சு?"

"தெரியலையேம்மா...! துணி காயப்போடப் பின்பக்கம் போனேன்... வந்து பார்த்தா இப்படி..."

டாக்டரம்மா ரத்தத்தில் மண்டியிட்டாள். அங்கிளின் கழுத்தில் விரல் வைத்தாள். துடிப்பு இல்லை.

டாக்டரம்மா என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பல் மருத்துவம், முதல் வருஷம். இதுவரை பிளாஸ்டர் பொம்மையின் பல்லைத் தவிர எதையும் தொட்டதில்லை. அந்தப் பட்டத்தைக் கொடுத்தவரே அங்கிள்தான். அவள் வாடகைக்குத் தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர், கார் மெக்கானிக். வீட்டை ஒட்டியே ஷெட். நாலு மாதமாகத் தினம் காலையில் பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்து, பஸ் கிளம்பிய பிறகுதான் திரும்புவார். தெரிந்தவர் ஒருவரும் இல்லாத இந்த வெளிநாட்டு ஊரில் அவளுக்கு இருந்த ஒரே தைரியம் அந்த மனிதர்தான்.

அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க ஆன்ட்டி!"

"கூப்பிட்டுட்டேன்."

ரெண்டே நிமிஷம். சைரன் சத்தம் இல்லாமல் வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

இறங்கி வந்தவனை அவளுக்குத் தெரியும். ஆன்ட்டியின் தம்பி. ஆம்புலன்ஸ் டிரைவர். ஞாயிறு தவறாமல் சாப்பிட வருகிறவன்.

கையில் ஸ்ட்ரெச்சர் இல்லை. முதலுதவிப் பை இல்லை.

உள்ளே வந்தவன் முதலில் செய்த காரியம்... கதவைத் தாழ் போட்டது!

"மாமா போயிட்டாரா அக்கா?"

"போயிட்டாரு."

டாக்டரம்மா அப்போதுதான் ஆன்ட்டியின் கைகளைப் பார்த்தாள். பாத்திரம் தேய்க்கும் மஞ்சள் ரப்பர் கையுறை. துணி காயப்போடக் கையுறை எதற்கு?

"ஆன்ட்டி... நீங்களா?"

"புத்திசாலிப் பொண்ணு!" ஆன்ட்டியின் அழுகை குழாயை மூடினாற்போல் நின்றது. "உன்னை எதுக்குக் கத்திக் கூப்பிட்டேன்னு நினைக்கறே? கத்தியில உன் கைரேகை ஏற்கெனவே இருக்கு. ரத்தத்துல உன் கால் தடமும் வேணுமில்ல?"

டாக்டரம்மா தன் பாதங்களைப் பார்த்தாள். ரெண்டும் சிவப்பு.

"ஏன் ஆன்ட்டி...? அவர் உங்களுக்கு என்ன பண்ணினாரு?"

"எல்லாம் இவனாலதான்!" ஆன்ட்டி தம்பியைக் காட்டினாள். "போன மாசம் குடிச்சிட்டு வண்டி ஓட்டி ஒரு கிழவரை அடிச்சுட்டான். நிக்காம வந்துட்டான். பம்பரைச் சரி பண்ண மாமா ஷெட்டுக்குக் கொண்டு வந்தான். அதுல ரத்தத்தைப் பார்த்ததுலேர்ந்து மனுஷனுக்குத் தூக்கம் போச்சு. இன்னைக்குப் போலீஸுக்குப் போயே தீருவேன்னு ஒத்தக்கால்ல நின்னாரு."

"ஒரு தம்பிக்காகப் புருஷனையே..."

"கூடப் பிறந்தவன் ஆச்சே."

தம்பி அவளை நெருங்கினான். "கதை சிம்பிள் பாப்பா. மாமா உன்கிட்ட தப்பா நடந்துக்கிட்டாரு. நீ குத்திட்டே. அப்புறம் பயந்துபோய் மாடி ஜன்னல்லேர்ந்து குதிச்சுட்டே."

பயத்தையும் மீறி அவளுக்கு ஆத்திரம் வந்தது. "நாக்கு அழுகிடும் உனக்கு! அவர் எனக்கு அப்பா மாதிரி!"

பளார்!

அறைந்த வேகத்தில் போய்க் குளிர்சாதனப் பெட்டியில் மோதினாள். உதடு கிழிந்து ரத்தம் உப்புக் கரித்தது. கண்ணுக்கு நேரே, பெட்டிக் கதவில், ஆன்ட்டி எழுதி ஒட்டிய ஏழு விதிகள்.

முதல் விதி: சாப்பாட்டு மேஜையில் போன் கூடாது. கூடையில் போடவும்.

கூடை!

பெட்டியின் தலைமேல் இருந்தது அந்தப் பிரம்புக் கூடை. அதற்குள், துண்டுக்கு அடியில், அவளுடைய போன். ஏழரை மணிக்குப் பேசிக்கொண்டே வந்து போட்டது. லைனை அவள் கட் பண்ணவில்லை. என்றைக்குமே பண்ண மாட்டாள். 'நான் வைக்கற வரைக்கும் வைக்காதே பாப்பா, நீ சாப்பிடற ஸ்பூன் சத்தமாவது கேக்கட்டும்' என்பது அம்மாவின் சட்டம். இந்த வீட்டில் நம் பாஷை பேசுவார்கள் என்பதால்தான் அம்மா இங்கே அனுப்பவே சம்மதித்தாள்.

"எங்கம்மா லைன்ல இருக்காங்க!" டாக்டரம்மா கத்தினாள். "எல்லாத்தையும் கேட்டுட்டாங்க!"

தம்பியின் முகம் வெளுத்தது. ஆன்ட்டி கூடையில் கைவிட்டுப் போனை எடுத்தாள்.

திரையில் 'அம்மா'. ஐம்பத்தாறாவது நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"கொர்ர்ர்ர்... புஸ்ஸ்ஸ்... கொர்ர்ர்ர்..."

 அக்காவும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அங்க இப்ப மத்தியானமில்ல? உங்கம்மா சாப்பிட்டுட்டு நல்லா தூங்கறாங்கம்மா!"

"அம்மா...! எந்திரிம்மா...! என்னைக் கொல்லப் போறாங்கம்மா...!"

"கொர்ர்ர்ர்..."

 டாக்டரம்மாவின் கடைசி நம்பிக்கையும் போயிற்று. தம்பி போனைப் பிடுங்கி, தண்ணீர் நிறைந்த சிங்க்கில் போட்டான். குறட்டை நின்றது.

அடுத்து அவன் கைகள் அவள் கழுத்தை வளைத்தன.

இறுகின...

மூச்சு முட்டியது. கண் இருட்டியது. கை பின்னால் துழாவியது. மேடைமேல் எதுவோ சுட்டது.

கெட்டில்! புருஷனைக் கொன்ற கையோடு டீக்குத் தண்ணீர் வைத்திருந்தாள் மகராசி!

டாக்டரம்மா பிடியைப் பற்றினாள். கொதிக்கும் தண்ணீர் மொத்தமும் அவன் முகத்தில்!

"ஆஆஆ...!"

பிடி விட்டது. அவள் விடவில்லை. காலிக் கெட்டிலை ஓங்கி அவன் வாயில் ஒரே இறக்கு இறக்கினாள். மேல்வரிசை முன்பல் ரெண்டு தரையில் தெறித்தன. முதல் வருஷப் பாடத்தில் இந்த முறை கிடையாது.

ஆன்ட்டி பின்னாலிருந்து அவள் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தாள். அலசாத ஷாம்பூ... வழுக்கிக்கொண்டு போயிற்று!

வெறியோடு குனிந்தாள் ஆன்ட்டி. புருஷன் நெஞ்சில் இருந்த கத்தியை உருவினாள். டாக்டரம்மா சுவரோடு சுவராக ஒடுங்கினாள். கத்தி உயர்ந்தது.

படார்!

கதவு பிளந்து விழுந்தது. நாலு துப்பாக்கிகள் உள்ளே நுழைந்தன.

"கத்தியைக் கீழே போடு!" அந்த ஊர் பாஷையில் அதட்டியபடி முன்னால் வந்தவள் பெண் இன்ஸ்பெக்டர்.

கத்தி விழுந்தது. அடுத்த விநாடியே ஆன்ட்டி ஒப்பாரி வைத்தாள். "மேடம்...! இந்தப் பொண்ணு என் புருஷனைக் கொன்னுட்டா மேடம்...!"

"அப்படியா? 'அடிப்பாவி, என்னைக் குத்திட்டியேடி, இருபது வருஷம் உன்கூடக் குடும்பம் நடத்தினேனே'ன்னு உங்க புருஷன் கத்தினாராமே? இந்தப் பொண்ணுக்கு வயசே பத்தொன்பதுதான்."

 ஆன்ட்டியின் கையில் விலங்கு ஏறியது.

இன்ஸ்பெக்டர் தன் போனை டாக்டரம்மாவிடம் நீட்டினாள். "உன் காலேஜ்ல மாணவர் நல அதிகாரி எங்களைக் கூப்பிட்டாரு. அவரைக் கூப்பிட்டவங்க லைன்லயே இருக்காங்க. பேசு."

"பாப்பா... அடி ஏதும் படலையே?"

"அம்மா!" டாக்டரம்மா உடைந்து அழுதாள். "நீ... நீ தூங்கலையா?"

"நல்லா தூங்கினேன் போ! அந்த மனுஷன் அலறினதுமே எனக்கு உயிரே போச்சு. கட் பண்ணினா அங்க டொய்ங்குன்னு சத்தம் வரும். நான் பேசினாலும் அங்க கேட்டுடும். மியூட்டு எங்க இருக்குன்னு எனக்கென்னடி தெரியும்? அதான் என் போனைக் கொண்டுபோய், தூங்கிட்டிருந்த உங்கப்பா மூக்குகிட்ட வச்சுட்டு, அவர் போனை எடுத்துக்கிட்டு வாசலுக்கு ஓடி, எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல உன் காலேஜ் அதிகாரிகிட்டச் சொன்னேன்."

அழுகைக்கு நடுவே டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அப்பா எங்கம்மா?"

"இன்னும் எந்திரிக்கலைடி! கல்யாணமான இருபத்தாறு வருஷத்துல மனுஷன் இன்னைக்குத்தான் உருப்படியா ஒரு வேலை பார்த்திருக்காரு... அதையும் தூங்கிக்கிட்டே!"