கோடித்துணியும் ஒளிநாடியும்

மின்மயான வாசலில் செல்லாத்தாளை இறக்கி வைத்ததும், மயானத்தில் வேலை பார்க்கும் ராயப்பன் ஒளிநாடியை எடுத்துக்கொண்டு வந்தான். பார்க்க டார்ச் லைட் மாதிரி இருக்கும். அழுத்தினால் வெளிச்சம் மட்டும் தெரியாது.

தெரியாது என்றால் இல்லை என்று அர்த்தமில்லை. சிவப்புக்கு அந்தப் பக்கம், கண்ணுக்குப் பிடிபடாத வெளிச்சம் ஒன்று உண்டு. அதை ஒரு பொருள்மேல் அடித்தால், பொருள் அதில் கொஞ்சத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பும். பருத்தி தின்கிற பங்கு வேறு, பட்டு தின்கிற பங்கு வேறு, பிளாஸ்டிக் நூல் தின்கிற பங்கு வேறு. திரும்பி வந்ததைத் தன்னிடம் இருக்கும் மாதிரிகளோடு ஒத்துப் பார்த்து, இன்னது இத்தனை பங்கு என்று கருவி வாய்விட்டுச் சொல்லிவிடும்.

முதலில் கடைக்கு ஒன்று இருந்தது. பிறகு வீட்டுக்கு ஒன்று, அப்புறம் ஆளுக்கு ஒன்று. பாலில் தண்ணீரும் மிளகாய்த்தூளில் மரத்தூளும் ஒழிந்தன. நல்லதுதான். அதோடு நின்றிருக்கலாம். மருமகள் கொண்டு வந்த நெய்யில் மாமியார் நாடி பார்த்தாள். விருந்துக்குப் போனவன் இலைமுன் உட்கார்ந்து பாயசத்தில் நாடி பார்த்தான். சீர்த்தட்டுச் சேலையைச் சபையில் வைத்தே பார்த்தார்கள். எத்தனை கல்யாணம் மண்டபத்தோடு நின்றது என்று மண்டபத்துக்காரனைக் கேட்டால் சொல்வான்.

அப்படிப்பட்ட ஊரும் ஒரு துணியை மட்டும் விட்டுவைத்திருந்தது. அது கோடி. ஒரு பெண் செத்தால், அவள் பிறந்த வீட்டார் கொண்டுவந்து போர்த்துகிற புதுச்சேலை. அது இல்லாமல் போகிறவள் அநாதையாகப் போகிறாள் என்று கணக்கு. அதில் நாடி பார்ப்பதை எவ்வளவு கேடுகெட்டவனும் செய்ய மாட்டான்.

சட்டத்துக்கு இதெல்லாம் தெரியுமா? பிளாஸ்டிக் நூல் எரிந்தால் புகையில் நஞ்சு வருகிறது, பிணத்தின்மேல் இருக்கும் எல்லாத் துணியையும் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும் என்று அந்த மாதம்தான் உத்தரவு வந்திருந்தது. செல்லாத்தாள் வீட்டாருக்கு அது தெரியாது.

ராயப்பன் கோடியின்மேல் கருவியை வைத்து அழுத்தினான்.

"பாலியெஸ்டர். நூற்றுக்குத் தொண்ணூற்று ஏழு. அனுமதி இல்லை."

"என்னடா சொல்லுது அது?" என்றார் செல்லாத்தாளின் புருஷன் நாச்சிமுத்து.

"பாலியெஸ்டருங்க. எடுத்துருங்க. உள்ள உட முடியாது."

"பட்டுன்னு சொன்னானே."

சொன்னவன் மாரப்பன், செல்லாத்தாளின் தம்பி. பஞ்சர் ஒட்டுகிற கடை வைத்திருந்தான். அன்று காலையில் அத்தனை பேர் முன்னால் அந்த அரக்குச் சேலையை விரித்துக் காட்டி, அக்காளின்மேல் போர்த்தி, காலடியில் விழுந்து அழுதிருந்தான். இப்போது முந்தானையை வெறித்துக்கொண்டு நின்றான்.

"ஏன்டா மாப்ள, செத்தவளுக்குமா பிளாஸ்டிக்கு?"

"பட்டு எங்கீங் மாமா கெடைக்குது இப்ப? புழு வளக்கறதே நின்னு போச்சு. இருக்கறதும் நம்ம கைக்கு எட்டற வெலையா? பாக்கறதுக்குப் பட்டு மாதிரித்தான இருந்துச்சு."

"பாக்கறதுக்கு நீயுந்தான் மனுசன் மாதிரி இருக்கற."

மாரப்பன் திரும்பி ராயப்பனிடம் போனான். "ஏனுங் தம்பி, ஓரத்துல ஒரு துண்டு கிழிச்சு அக்கா கைக்குள்ள வெச்சுக்கறன். பொறந்த வூட்டுத் துணி இல்லாம எப்பிடீங் அனுப்பறது?"

"ஒரு நூல் போனாலும் உலை நின்னுக்குமுங்க. உலைக்குள்ளயும் ஒரு நாடி வெச்சிருக்குது."

"அட உடு ராயப்பா," என்றார் நாச்சிமுத்து. "இவன் துணி ஒண்ணும் வேண்டாம். அவ கட்டியிருக்கறது என்ற வூட்டுக் கூறைச்சேலை. எங்கம்மா கடைக்குப் போயி எடுத்த அசல் பட்டு. அது போதும் அவளுக்கு."

கூறைச்சேலை என்பது தாலி கட்டும்போது மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பது. சுமங்கலியாகப் போகிறாள் என்று அதையே உடுத்திவிட்டிருந்தார்கள்.

"அதையும் பாக்கோணுமுங்க," என்றான் ராயப்பன், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

"பாரு. நல்லாப் பாரு. இவனும் கேக்கட்டும்."

"பாலியெஸ்டர். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. அனுமதி இல்லை."

"ஜரிகை மேல அடிச்சிருப்ப."

"ஜரிகை தகடுங்க, அது இதுல பேசாது. துணி மேலதான் அடிச்சன்."

"இன்னொருக்கா அடி."

அடித்தான். கருவி அதையேதான் சொன்னது. நாச்சிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார்.

பெண்கள் மயானம்வரை வருவது அந்தக் காலத்தில் பழகிப்போயிருந்தது. ருக்குமணி வந்திருந்தாள். பழந்துணி பிரிக்கிற கிடங்கில் அவளும் செல்லாத்தாளும் ஒரே மேசை. எந்தெந்த நாட்டிலிருந்தோ மூட்டை மூட்டையாக வந்து விழும் துணியை ஒவ்வொன்றாக எடுத்து, நாடி பார்த்து, பருத்தித் தொட்டி, கம்பளித் தொட்டி, பிளாஸ்டிக் தொட்டி என்று வீசுகிற வேலை.

"அண்ணா," என்றாள் ருக்குமணி. "அவளுக்குத் தெரியுமுங்க."

"எது?"

"ரெண்டுமே. பொழுதன்னிக்கும் நாடியும் கையுமா நிக்கறவளுக்குத் தெரியாதுங்களா? கருவி இல்லாமயே தொட்டுச் சொல்லிருவா."

மாரப்பன் தலையைத் தூக்கினான்.

"ஒருக்கா மாரப்பன் பொங்கச் சீருக்குக் குடுத்த சேலையக் கட்டிட்டு வந்தா. நான் சும்மா வெளையாட்டுக்கு நாடிய நீட்டுனன். கையத் தட்டி உட்டுட்டா. 'இது மூட்டையில வந்ததில்ல, என்ற தம்பி குடுத்தது'ன்னு சொல்லிட்டு நாள் பூராப் பேசல."

"கூறைச்சேலை?" என்றார் நாச்சிமுத்து.

"அதையும் கேட்டனுங்க. 'எங்க மாமியா பட்டுன்னு சொல்லிக் குடுத்துச்சு, பட்டுத்தான்'ன்னு சிரிச்சா."

நாச்சிமுத்து அந்தச் சேலையைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை நினைத்துப் பார்த்தார். வருஷா வருஷம் தை முடிந்ததும் அவள் அதைப் பீரோவிலிருந்து எடுத்து, நிழலில் காயவைத்து, மடிப்பை மாற்றி மடித்து, பூச்சி அரிக்காமல் வேப்பிலை போட்டு வைப்பாள். பாலியெஸ்டரைப் பூச்சி அரிக்காது. அது அவளுக்குத் தெரியாதா? பட்டைப் பார்த்துக்கொள்வதுபோல அதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள்.

ருக்குமணியும் இன்னொரு பெண்ணும் மறைப்புக்குப் பின்னால் கொண்டுபோய் இரண்டு சேலையையும் கழற்றினார்கள். மயானத்தில் கொடுக்கிற வெள்ளைத் துணியைச் சுற்றினார்கள். கிடங்கில் பிரித்த பழம்பருத்தியை அரைத்து நெய்த துணி அது. எந்த ஊர் மனிதர் உடுத்திக் கழித்ததோ. பிறந்த வீட்டுத் துணியும் இல்லாமல் புகுந்த வீட்டுத் துணியும் இல்லாமல் செல்லாத்தாள் உள்ளே, உலைக்குப் போகும் தட்டில் கிடந்தாள். ஒரு கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மாரப்பன் அதைப் பிடித்துக்கொண்டான்.

உலைக்கு அனுப்புமுன் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும். ராயப்பன் மாரப்பனைப் பார்க்காமல் எங்கோ பார்த்தபடி கருவியை நீட்டினான். துணிமேல் வைக்க வேண்டியதை அவள் கைமேல் வைத்து அழுத்திவிட்டான்.

"பதனிடாத தோல். அனுமதி உண்டு."

அந்தக் கருவிக்குள் நூலுக்கும் தோலுக்கும் மாதிரி ஏற்றியிருந்தார்கள். மனிதருக்கு ஏற்றவில்லை. மாதிரி இல்லாத ஒன்றைக் கொடுத்தால், தெரியாது என்று சொல்ல அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கிட்டத்தில் எது இருக்கிறதோ அதன் பெயரைச் சொல்லும்.

"அது அப்பிடித்தாங்க சொல்லும்," என்றான் ராயப்பன் மெதுவாக. "மனசுல வெச்சுக்காதீங்க." கருவியைத் துணிமேல் வைத்தான். பருத்தி, நூற்றுக்கு நூறு. கதவு திறந்தது. மாரப்பன் கையை விட வேண்டியிருந்தது.

கதவு மூடியபின் நாச்சிமுத்து அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாப்ள."

"சொல்லுங் மாமா."

"வெளிய சனம் கேட்டா பட்டுன்னே சொல்லு. நானும் அதான் சொல்லுவன்."

மாரப்பன் ஜன்னலைக் காட்டினான். வெளிமுற்றத்தில், எல்லோரும் பார்க்கும்படி வைத்த பெரிய பலகையில், கருவி சொன்னது சொன்னபடி ஓடிக்கொண்டிருந்தது. கோடி, பாலியெஸ்டர். உள்சேலை, பாலியெஸ்டர். அடுத்த வரியில் தோல். சனம் தலையைத் தூக்கிப் படித்துக்கொண்டிருந்தது.

அந்த முற்றத்தில் நின்றவர்களில் அக்காள் தங்கையோடு பிறக்காதவன் யார்? வீட்டுக்குப் போய் ஒவ்வொருவனும் யோசித்தான். அடுத்த சாவுக்குப் பிறந்த வீட்டார் வெறுங்கையோடு வந்தார்கள். அதற்கடுத்த சாவுக்கும் அப்படித்தான். வெறுங்கையில் எந்தக் கருவியும் குற்றம் காணாது. யாரும் ஏனென்று கேட்கவில்லை, கேட்கிற யோக்கியதை யாருக்கும் இல்லை. மழைக்காலம் முடிவதற்குள் கோடி போடும் வழக்கமும் கூறைச்சேலை உடுத்தி அனுப்பும் வழக்கமும் அந்த ஊரில் இல்லாமல் போயின.

ராயப்பனுக்கு வேலை சுலபமாகிவிட்டது. சாகிற பெண்கள் எல்லோரும் ஒரே வெள்ளைத் துணியில் வந்தார்கள். பலகை ஒவ்வொரு நாளும் ஒன்றையே காட்டியது. பருத்தி, நூற்றுக்கு நூறு.