பின்கட்டில் ஒரு தனி அடுப்பு

விடிந்தும் விடியாமல் பின்கட்டில் புகை எழுந்தது. தியாகராய நகரின் அந்தக் கூட்டுக் குடும்பத்தில் இத்தனை வருடமும் ஒரே அடுப்புதான். இன்று முத்துலட்சுமி தனியாக ஓர் அடுப்பு மூட்டி உலை வைத்திருந்தாள்!

"ஏளா, என்ன காரியம் பண்ணுதே?" கணவர் அய்யாதுரை இரைந்தார். "செத்துப்போன என் தம்பி பொண்டாட்டிய ஒதுக்கி வைக்கியா?"

அந்தத் தம்பி மனைவி சரோஜாதேவி சமையலறை வாசலில் நின்று அழுதாள். "உங்க மவளுக்குத்தான் சங்கத்துப் பணம்னு ஆயாச்சு... இனி நானும் எம் மவனும் எதுக்கு? அப்படித்தானக்கா?"

பி.யூ.சி. தேறிய மகள் ஜெயபாரதிக்கு இரண்டு உதவிகள் வந்திருந்தன. நேற்று அவற்றை எடைபோட்டுப் பார்த்தார்கள். கல்லூரி பாதி ஃபீஸைத் தள்ளுபடி செய்யும். மீதிப் பாதிக்கு, ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் அய்யாதுரை எங்கே போவார்? உறவின்முறைச் சங்கமோ ஃபீஸ், விடுதி, புத்தகம் எல்லாமே தரும். ஆனால் ஓர் அடுப்புக்கு, அதாவது ஒரு குடும்பத்துக்கு, ஒரு பிள்ளைதான். சரோஜாவின் மகன் சிதம்பரநாதனும் தேறியிருந்தான். அவனுக்குச் சங்கத்தை விட்டால் வேறு கதியில்லை. "பாரதி சங்கத்துப் பணத்துல படிக்கட்டும். அவன் எங்கூடக் கடைக்கு வரட்டும்" என்று அய்யாதுரை முடித்துவிட்டார். அந்தப் பிள்ளை பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதை முத்துலட்சுமி மட்டும்தான் பார்த்தாள்.

"வாயத் தொறந்து சொல்லுளா!" அய்யாதுரை விடவில்லை.

"சொல்லுதேன். இன்னைக்குச் சங்கத்துக்காரங்க வீடு பாக்க வாராங்க. ரெண்டு அடுப்புன்னா ரெண்டு புள்ளைக்கும் பணம். சிதம்பரம் என்ன, துணி மடிக்கவா பொறந்தான்? அவனுக்கு மொதச் சோறு ஊட்டினவளே நான்தான்!"

சரோஜாவின் அழுகை சட்டென்று நின்றது. "அக்கா...! அப்ப, அவங்க போனதும் அணைச்சிருவோம்."

"கூடாது! பொய் சொல்லி வாங்குத காசுல படிப்பு வெளங்காது. புள்ளைங்க படிச்சு முடிக்கித வரைக்கும் உன் கைச்சோறு எனக்கில்ல, என் கைச்சோறு உனக்கில்ல. குடும்பத்த ஒடைச்சவளேன்னு ஊரு ஏசும். ஏசட்டும்..." அவள் குனிந்து அடுப்பை ஊதினாள்.

அய்யாதுரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புது அடுப்பின் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "எனக்கு இங்கயே எலையப் போடு" என்றார்.

சரோஜா உள்ளே ஓடி உப்புச் சாடியோடு வந்தாள். புதுக் குடித்தனத்துக்கு முதலில் உப்புதான் போக வேண்டும். அதை அடுப்பருகே வைத்துவிட்டு, முத்துலட்சுமியைக் கட்டிக்கொண்டு கதறினாள். "என்னென்னமோ பேசிட்டேனே அக்கா... இந்தச் சாடி காலியாவப்படாது. நீங்க திரும்பி வாரப்ப இதோடதான் வரணும்!"

வாசலில் சங்கத்துக்காரர்களின் குரல் கேட்டது. இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரவர் அடுப்புக்குப் போனார்கள்.